வாடிக்கு ஒளி: சூரிய மின் தொகுதி ஒன்றைக் கணித்து அமைத்தல்

மின்னியல் அலகில் வரும் வலு, சக்தி, தடை, தொடரிணைப்பு ஆகிய கருத்துகளைத் தனித்தனியே மனனம் செய்யும் மாணவர் பலர், அவை ஒன்றுசேரும் வினாவில் தடுமாறுகின்றனர். இக்கட்டுரை அவை அனைத்தும் ஒரே இடத்தில் பயன்படும் உதாரணம் ஒன்றை விளக்குகிறது.

1. தேவை எங்கே?

மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலை 2020 டிசம்பரில் திறந்து வைக்கப்பட்டது. அங்குள்ள 30 காற்றாலைகளின் மொத்தக் கொள்ளளவு 103.5 மெகாவாற்று. அம்மின்சாரம் உயர் அழுத்தக் கம்பிகளின் வழியே தேசிய மின் வலையமைப்பைச் சேர்கிறது. ஆனால் பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் மீனவரின் கிடுகு வாடிக்கு மின்கம்பம் வருவதில்லை. அங்கே இரவில் எரிவது பெரும்பாலும் மண்ணெண்ணெய் விளக்கு அல்லது ரோச் லைட். கிடுகுக் கூரையின் கீழ் சுவாலை எரிவது ஆபத்தானது.

ஒளி மட்டுமன்றித் தொலைபேசியும் வானொலியும் இயங்க வேண்டும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறி மன்னார் வளைகுடாவுக்குள் சென்றது. இத்தகைய நாள்களில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கை வாடியைச் சென்றடைவது உயிரைக் காக்கும் விடயமாகும்.

வலையமைப்புடன் இணையாது தனித்து இயங்கும் தொகுதியே இதற்கு ஏற்றது. வெளிநாடுகளில் வாகனத்தின் பின்னால் இழுத்துச் செல்லப்படும் பயண வீடுகளிலும் இதே முறையே பயன்படுகிறது. வலையமைப்பில் ஒரு நிலையம் நின்றால் மற்றொன்று ஈடுசெய்யும். தனித் தொகுதியில் பகலில் சேமித்ததைத் தவிர இரவில் வேறு இல்லை. ஆகவே முதலில் கணக்கிட்டுப் பின்னரே பொருள் வாங்க வேண்டும்.

2. தொகுதியின் பகுதிகள்

(அ) சூரியப் பலகை: சிலிக்கன் குறைகடத்திக் கலங்கள் ஒளிச்சக்தியை மின்சக்தியாக மாற்றுகின்றன. கிடைப்பது நேரோட்டம்.
(ஆ) மின்னேற்றக் கட்டுப்படுத்தி: பற்றரி அளவு மீறி மின்னேறுவதையும், இரவில் மின்னோட்டம் பலகைக்குத் திரும்பிப் பாய்வதையும் தடுக்கிறது.
(இ) பற்றரி: மின்சக்தியை இரசாயனச் சக்தியாகச் சேமிக்கிறது.
(ஈ) இன்வேட்டர்: நேரோட்டத்தை 230 வோல்ற்று ஆடலோட்டமாக மாற்றுகிறது. மாற்றும்போது சக்தி இழப்பு உண்டு. 12 வோல்ற்றில் நேரடியாக இயங்கும் உபகரணங்களைத் தெரிவு செய்தால் இப்பகுதியே வேண்டியதில்லை.

3. நாளாந்தத் தேவையைக் கணித்தல்

சக்தி = வலு × நேரம்

5 வாற்று எல்.ஈ.டி. மின்குமிழ் 3, 5 மணித்தியாலம்: 75 வாற்று மணி
தொலைபேசி மின்னேற்றல் 10 வாற்று, 3 மணித்தியாலம்: 30 வாற்று மணி
வானொலி 5 வாற்று, 3 மணித்தியாலம்: 15 வாற்று மணி
சிறு மின்விசிறி 15 வாற்று, 6 மணித்தியாலம்: 90 வாற்று மணி
மொத்தம்: 210 வாற்று மணி

1500 வாற்று மின்கேத்தல் ஒன்று 6 நிமிடம் இயங்கினாலே 150 வாற்று மணி செலவாகும். அதாவது ஒரு தேநீர்த் தண்ணீருக்காக ஓரிரவின் பெரும்பங்கு போய்விடும். வெப்பம் தரும் உபகரணங்கள் இத்தகைய சிறு தொகுதிக்கு ஒவ்வாதவை என்பதை இதனால் உணரலாம்.

4. பலகையின் அளவு

கம்பி, கட்டுப்படுத்தி, பற்றரி ஆகியவற்றில் ஏற்படும் இழப்பைக் கருதி, தொகுதியின் திறனை 70 சதவீதம் எனக் கொள்வோம்.

பலகை தர வேண்டிய சக்தி = 210 ÷ 0.7 = 300 வாற்று மணி

முகில் மூடும் வாடைக்காற்றுக் காலத்தையும் மனதிற்கொண்டு, நாளொன்றுக்கு 4 மணித்தியால முழு வெயில் எனக் கணிப்போம். 300 ÷ 4 = 75 வாற்று. ஆகவே 100 வாற்றுப் பலகை ஒன்று போதுமானது.

5. பற்றரியின் அளவு

வெயிலற்ற 2 நாள்களைத் தாங்க 420 வாற்று மணி வேண்டும். ஈய அமிலப் பற்றரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் விரைவாகக் குறையும். எனவே இரு மடங்காகக் கொள்ள வேண்டும்.

840 ÷ 12 = 70 அம்பியர் மணி

இலிதியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றரியில் 80 சதவீதத்தைப் பயன்படுத்தலாம். அவ்வாறெனில் ஏறத்தாழ 44 அம்பியர் மணி போதும். இதன் விலை கூடினாலும் ஆயுள் நீண்டது. மோட்டார் வாகனப் பற்றரி, இயந்திரத்தைக் கிளப்பக் குறுகிய நேரம் பெரும் மின்னோட்டம் தருவதற்கென ஆக்கப்பட்டது. இரவிரவாக மெல்ல மெல்ல மின்னிறக்கும் வேலைக்கு அதனைப் பயன்படுத்தினால் விரைவில் பழுதாகிவிடும்.

6. கம்பியின் தடிப்பு

60 வாற்று உபகரணமொன்று 230 வோல்ற்றில் ஏறத்தாழ 0.26 அம்பியரும், 12 வோல்ற்றில் 5 அம்பியரும் எடுக்கும். அழுத்தம் குறைந்தால் மின்னோட்டம் கூடும். மின்னோட்டம் கூடினால் கம்பியில் இழப்பும் கூடும்.

10 மீற்றர் தூரத்துக்குப் போக வர 20 மீற்றர் கம்பி வேண்டும். 1.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியாயின் அதன் தடை ஏறத்தாழ 0.24 ஓம்.

அழுத்த வீழ்ச்சி = 5 × 0.24 = 1.2 வோல்ற்று
வலு இழப்பு = 5 × 5 × 0.24 = 6 வாற்று

பத்தில் ஒரு பங்கு வீணாகிறது! 4 சதுர மில்லிமீற்றர் கம்பியில் வீழ்ச்சி 0.45 வோல்ற்றுக்கு மேற்படாது. கம்பி தடித்ததாகவும் குட்டையாகவும் இருத்தல் நன்று.

7. மன்னார்க் கரையில் பொருத்தும்போது

1. மன்னார் அண்ணளவாக வடக்கு 9 பாகை அகலக்கோட்டில் உள்ளது. ஆகவே பலகை தெற்கு நோக்கி 10 முதல் 15 பாகை வரை சாய்ந்திருக்க வேண்டும். சாய்வு இருந்தால் மழைநீர் தூசியையும் உப்பையும் கழுவிச் செல்லும்.
2. பனை ஓலையின் நிழல் ஒரு கலத்தில் விழுந்தாலும் பாதிப்பு பெரிது. கலங்கள் தொடராக இணைக்கப்பட்டுள்ளமையால் ஒன்றில் மின்னோட்டம் குறைய முழுத் தொடரிலும் குறையும்.
3. சோளகக் காற்றில் பலகை பாய்போல் இழுபடும். தூணில் இறுக்கமாகப் பிணைக்க வேண்டும்.
4. உப்புக்காற்று இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். துருவேறா உருக்கு ஆணிகளைப் பயன்படுத்துக. பற்றரி முனைகளில் வசலீன் பூசுக.

8. பாதுகாப்பு

• பற்றரியின் நேர் முனைக்கு மிக அருகில் உருகி இருக்க வேண்டும். குறுஞ்சுற்று ஏற்படின் அதுவே வாடியைத் தீயிலிருந்து காக்கும்.
• ஈய அமிலப் பற்றரி மின்னேறும்போது ஐதரசன் வாயு வெளிவரலாம். காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். அருகே அடுப்போ விளக்கோ கூடாது.
• இணைக்கும் ஒழுங்கு: முதலில் பற்றரி, பின்னர் பலகை, இறுதியில் உபகரணங்கள். கழற்றும்போது இவ்வொழுங்கின் மறுதலை.

9. பெரிய அளவில் இதே தத்துவம்

எழுவைதீவில் சூரியன், காற்று, டீசல், பற்றரி ஆகியன இணைந்த கலப்பு மின் தொகுதி அமைக்கப்பட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கும் இத்தகைய தொகுதிகளை அமைக்க இந்திய நிதியுதவியுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. அளவு வேறாயினும், தேவை, உற்பத்தி, சேமிப்பு என்னும் மூன்றையும் பொருத்திப் பார்க்கும் கணக்கு ஒன்றே.

பயிற்சி வினாக்கள்

1. 12 வோல்ற்றில் இயங்கும் 24 வாற்று மின்குமிழினூடு பாயும் மின்னோட்டம் யாது?
2. 6 வாற்று மின்குமிழ்கள் 4, 5 மணித்தியாலம் எரிந்தால் செலவாகும் சக்தியைக் கிலோவாற்று மணியில் தருக.
3. 12 வோல்ற்று, 70 அம்பியர் மணிப் பற்றரிகள் இரண்டைத் தொடராகவும் சமாந்தரமாகவும் இணைத்தால் கிடைப்பவற்றை ஒப்பிடுக.

விடைகள்

1. 2 அம்பியர்.
2. 0.12 கிலோவாற்று மணி.
3. தொடர்: 24 வோல்ற்று, 70 அம்பியர் மணி. சமாந்தரம்: 12 வோல்ற்று, 140 அம்பியர் மணி. சேமிக்கும் சக்தி இரண்டிலும் 1680 வாற்று மணியே.

பரீட்சைக் குறிப்பு: வலுவின் அலகு வாற்று, சக்தியின் அலகு யூல் அல்லது கிலோவாற்று மணி. அலகை மாற்றி எழுதினால் சரியான எண்ணுக்கும் புள்ளி குறையலாம். விடை எழுதி முடித்ததும் அலகை மீண்டும் ஒருமுறை பாருங்கள்.