பொட்டு வைக்காத படங்கள்

சென்ற வாரம் பழைய தபால்தலைகளோடு நின்றோம். இந்த வாரம் அதைவிட அரிய சேகரிப்பு: போர்க்களத்தில் வீரப்பதக்கம் பெற்ற அதிகாரிகள் தங்கள் கைப்படக் கையெழுத்திட்ட புகைப்படங்கள்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் ‘மிலிட்டரிக்காரர் வீடு’ என்று கேட்டால் போதும், வழி சொல்லிவிடுவார்கள். கூடத்துச் சுவரில் சீருடைப் படம் தொங்கும். கண்ணாடிமேல் சந்தனப் பொட்டும் மாலையும் இருந்தால், படத்திலிருப்பவர் இல்லை என்று அர்த்தம். இந்தச் சேகரிப்பின் கணக்கு முழுவதும் அந்தப் பொட்டில்தான் இருக்கிறது.

பரம்வீர் சக்ரா இதுவரை 21 பேருக்குக் கிடைத்திருக்கிறது. அவர்களில் 14 பேருக்கு அது மரணத்துக்குப் பின் வந்த விருது. பதக்கத்தோடு படம் எடுத்து அதில் கையெழுத்திட உயிரோடு இருந்தவர்கள் ஏழு பேர்தான். விருது பெற்ற வேளையில் லெப்டினன்ட், மேஜர் நிலையில் இருந்தவர்களை மட்டும் எண்ணினால் மூன்றே பேர்: ராணே, தன்சிங் தாப்பா, ஹோஷியார் சிங். மூவரும் இன்று இல்லை.

தாப்பாவின் கதை நெஞ்சை உலுக்குவது. 1962 அக்டோபர் 20 அன்று பாங்கோங் ஏரிக்கரையில் சிரிஜாப் காவல்நிலை வீழ்ந்தது. அவர் இறந்துவிட்டார் என்றே நம்பி, மரணத்துக்குப் பின்னான விருதாக அறிவித்தார்கள். ஆனால் அவர் சீனரிடம் போர்க்கைதியாக இருந்தார். 1963இல் நாடு திரும்பினார். பொட்டு வைத்த படத்திலிருந்து இறங்கி வந்த மனிதர்! அவர் கையெழுத்துக்கு ஈடான இன்னொன்றைச் சொல்வது கடினம்.

தமிழ்நாட்டுக்கு நெருக்கமான பெயர் மானெக்‌ஷா. 1942 பிப்ரவரியில் பர்மாவின் சிட்டாங் ஆற்றங்கரையில் வயிற்றில் குண்டுகள் பாய்ந்து கிடந்த அவருக்கு, ஜெனரல் கவன் தன் மார்பிலிருந்த மிலிட்டரி கிராஸ் நாடாவையே கழற்றிக் குத்தினார். பிழைத்தெழுந்தவர் ஃபீல்ட் மார்ஷலாகி, ஓய்வுக்காலத்தைக் குன்னூரில் கழித்து, 2008இல் வெலிங்டனில் மறைந்தார்.

இப்படிப்பட்டவர்களின் கையெழுத்து என்றால் போலியும் வரும். படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். அசல் மை படத்தின் பளபளப்புக்கு மேலே தனியாகத் தெரியும். அச்சான கையெழுத்து அந்தப் பளபளப்போடு ஒன்றிப்போயிருக்கும். இரண்டு படங்களின் கையெழுத்து இம்மி பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகிறதா? சந்தேகப்பட வேண்டும். மனிதக் கை அப்படி எழுதாது, இயந்திரம் எழுதும்.

மரக்காணம் பக்கமிருந்து வரும் கடற்காற்றின் ஈரம் இன்னொரு பகை. படம் கண்ணாடியில் நேராகப் பட்டால் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் கையெழுத்தும் உரிந்து வரும். நடுவே அட்டை விளிம்பு வைத்துச் சட்டமிட வேண்டும். படத்தின் பின்புறம் பெயர், படைப்பிரிவு, ஆண்டு மூன்றையும் பென்சிலால் மெதுவாக எழுதி வைத்தால் பேரப்பிள்ளைகளுக்கும் புரியும்.

திண்டிவனத்துக்கு வடக்கே, காஞ்சிபுரம் பக்கத்து மண் தந்தவர் சுபேதார் சுப்பிரமணியன், மதராஸ் சாப்பர்ஸ் படைக்காரர். 1944 பிப்ரவரி 24, இத்தாலியின் மின்யானோ. கண்ணிவெடிகளைத் தேடி அகற்றும் வேலை. சக வீரரின் காலடியில் ஒன்று கிளம்பியது. வெடிக்கச் சில விநாடிகளே இருந்தன. சுற்றி நின்றவர்களைக் காக்க அதன்மேல் பாய்ந்து படுத்தார். ஜார்ஜ் கிராஸ் அவர் பெயருக்கு வந்தது. அந்தப் பதக்கத்தோடு அவர் கையெழுத்திட்ட படம் எந்த ஆல்பத்திலும் இருக்க முடியாது.

(அடுத்த வாரம்: புதுச்சேரி ‘சொல்தா’ வீடுகளின் பதக்கப் பெட்டிகள்)