கழிவெனக் கருதப்பட்டவற்றில் கிடைக்கும் குருத்தணுக்கள்

குருத்தணு என்பது தன்னைப் போன்ற உயிரணுக்களைப் பெருக்கிக்கொள்ளவும், தேவைப்படும்போது எலும்பு, கொழுப்பு, நரம்பு போன்ற வேறுவகை உயிரணுக்களாக மாறவும் வல்ல உயிரணு ஆகும். மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது எலும்பு மஜ்ஜையில் உள்ள குருத்தணு. அதை எடுப்பதற்கு இடுப்பெலும்பில் ஊசி செலுத்த வேண்டும். கருவிலிருந்து எடுப்பதோ அறநெறி சார்ந்த வழக்குகளுக்கு இடமளித்தது. ஆகவே உடல் தானாக உதிர்ப்பவற்றிலும், மருத்துவமனைகள் குப்பைக்கு அனுப்புபவற்றிலும் குருத்தணுக்களைத் தேடத் தொடங்கினர்.

இவற்றுள் முதலில் வெற்றி கண்டது தொப்புள்கொடி இரத்தம். 1988-இல் பாரிசு நகரில் எலியான் குளுக்மன் தலைமையிலான மருத்துவர்கள், ஃபான்கோனி இரத்தசோகை கொண்ட ஒரு சிறுவனுக்கு, அவனுடைய தங்கை பிறந்தபோது சேமித்த தொப்புள்கொடி இரத்தத்தைச் செலுத்திக் குணமாக்கினர். அதுவரை பிரசவ அறையில் வீணாகிப்போன ஒரு பொருள், இன்று இரத்தப் புற்றுநோய்க்கும் பரம்பரை இரத்தக் கோளாறுகளுக்கும் ஏற்கப்பட்ட சிகிச்சையாக உள்ளது.

பால் பல்

தமிழ்நாட்டில் விழுந்த பால் பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிவது வழக்கம். அந்தப் பல்லுக்குள் உயிருள்ள குருத்தணுக்கள் இருக்கக்கூடும் என்பதை 2003-இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களைச் சேர்ந்த சொங்தாவ் ஷி குழுவினர் வெளியிட்டனர். ஷியின் ஆறு வயது மகளுக்கு விழுந்த பல்லே இந்த ஆய்வுக்கு வித்திட்டது. பெரியவர்களின் ஞானப்பற்களில் இத்தகைய உயிரணுக்கள் இருப்பதை 2000-ஆம் ஆண்டிலேயே இவர் இடம்பெற்ற குழு கண்டிருந்தது.

பல்லின் எனாமலுக்கும் டென்டைனுக்கும் உள்ளே, இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்த மென்மையான பற்கூழ் உள்ளது. நிரந்தரப் பல் கீழிருந்து வளரும்போது பால் பல்லின் வேர் கரைந்துவிடும். ஆனால் கூழில் சிறிதளவு எஞ்சியிருக்கும். ஒரு வெட்டுப்பல்லில் கிடைத்தவை ஏறத்தாழ 12 முதல் 20 குருத்தணுக்கள் மட்டுமே. எண்ணிக்கை அற்பமானதுதான். ஆயினும் அவை ஆய்வகத்தில் மிக விரைவாகப் பெருகின. எலிகளின் உடலில் எலும்பு உருவாவதைத் தூண்டின. பல் நெடுநாள் ஆடிக்கொண்டிருந்து, இரத்த ஓட்டம் அற்றுப்போய் விழுந்தால் கூழும் இறந்துவிடும். அத்தகைய பல்லால் பயனில்லை.

இதன் மருத்துவப் பயன் எங்கே தெரிந்தது? சீனாவில், 2018-இல் வெளியான ஓர் ஆய்வில். கீழே விழுந்து முன்பல் அடிபட்டுக் கூழ் இறந்துபோன சிறுவர்களுக்கு, அவர்களுடைய பால் பல் ஒன்றிலிருந்தே குருத்தணுக்களை எடுத்து வளர்த்து, அடிபட்ட பல்லுக்குள் வைத்தனர். ஓராண்டுக்குப் பின் இரத்தக் குழாய்களும் உணர்வு நரம்புகளும் கொண்ட புதிய கூழ் உருவாகியிருந்தது; வேர் தொடர்ந்து வளர்ந்தது. வழக்கமான சிகிச்சையில் பல் உணர்வற்ற ஓடாகவே நின்றுவிடும். பல்லின் குருத்தணு பல்லையே சீராக்கியது என்பது இதில் கவனிக்கத்தக்கது.

பிற மூலங்கள்

2001-இல் கொழுப்பு உறிஞ்சும் அறுவையில் கிடைத்த கழிவுக் கொழுப்பிலிருந்தும், 2007-இல் மாதவிடாய் இரத்தத்திலிருந்தும் குருத்தணுக்கள் பிரிக்கப்பட்டன. சிறுநீரிலும் இவை உள்ளன. கருப்பையின் உட்சுவர் மாதந்தோறும் உதிர்ந்து மீண்டும் வளர்வதை எண்ணினால், மாதவிடாய் இரத்தத்தில் இவை இருப்பது வியப்பன்று. அதைத் தீட்டு என்று ஒதுக்கியதே ஆய்வு தாமதமானதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆய்வகத்தில் ஓர் உயிரணு நரம்பாக மாறுவது வேறு; நோயாளியின் உடலில் அறுந்த நரம்பின் வேலையைச் செய்வது வேறு. உடலில் செலுத்தப்படும் இத்தகைய குருத்தணுக்களில் பெரும்பாலானவை சில நாட்களில் மறைந்துவிடுகின்றன. அவை சுரக்கும் வேதிப்பொருள்கள் வீக்கத்தைத் தணிப்பதே முக்கிய விளைவு என இன்று கருதப்படுகிறது. கொழுப்புக் குருத்தணுவால் ஆன ஒரு மருந்து, குடலழற்சி நோயில் தோன்றும் பவுத்திரத்துக்காக 2018-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. பின்னர் நடந்த பெரிய சோதனையில் அது எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை. 2024-இல் திரும்பப் பெறப்பட்டது.

சோதிக்கப்படாத சிகிச்சைகளால் பெருந்தீங்கும் நேர்ந்துள்ளது. 2015-இல் அமெரிக்காவின் புளோரிடாவில், முதுமையில் வரும் விழித்திரைச் சிதைவுக்காக மூன்று பெண்கள் தலா 5,000 டாலர் செலுத்தினர். அவர்களுடைய கொழுப்பிலிருந்து எடுத்த உயிரணுக்கள் இரு கண்களிலும் ஒரே நாளில் செலுத்தப்பட்டன. இருந்த பார்வையையும் அவர்கள் பெருமளவு இழந்தனர்.

இந்தியப் பெற்றோர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, வணிக முறையில் சேமித்து வைக்க அனுமதிக்கப்பட்டது தொப்புள்கொடி இரத்தம் மட்டுமே. பற்கூழ், கொழுப்பு, மாதவிடாய் இரத்தம் ஆகியவற்றைப் பணம் பெற்றுக்கொண்டு சேமிப்பதற்கு அதில் இடமில்லை.