பழைய மோட்டார் வண்டியும் அதன் வெப்பநிலையும்

உடம்பின் சூடு மிகினும் குறையினும் அதனை நோயின் அறிகுறி என்றே கொள்கின்றோம். மோட்டார் வண்டியின் எஞ்சினும் அத்தகையதே. மிகுந்த சூடு கேடு விளைக்கும் என்பதை யாவரும் அறிவர்; குறைந்த சூடும் கேடே என்பதை அறிந்தோர் மிகச் சிலர். பழைய ஆங்கில வண்டிகளை இன்றும் பேணி ஓட்டுவோர் வாழும் யாழ்ப்பாணத்தில் இவ்வுண்மை அறியப்படவேண்டியதொன்றாகும். மொறிஸ் மைனர் வண்டியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வாம்.

அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்த இவ்வண்டி 1948ஆம் ஆண்டு வெளிவந்தது. 1956இல் 948 கன சதமமீற்றர் எஞ்சினும், 1962இல் 1098 கன சதமமீற்றர் எஞ்சினும் இதற்கு அமைந்தன. எஞ்சினின் வெப்பநிலையைக் காட்டும் கருவி இதன் முகப்பிற் பொருத்தப்பட்டிலது. ஆதலின், நீராவி எழுந்த பின்னரே நோயை உணரும் நிலை சாரதிக்கு உண்டாகிறது. அதற்குள் எஞ்சின் தலை வளைந்துவிடுதலுங் கூடும்.

எஞ்சினைச் சூழ்ந்தோடும் நீர் வெப்பத்தை ஏற்று, மேற்குழாய் வழியாக றேடியேற்றரை அடைந்து, அங்கே காற்றினாற் குளிர்ந்து, கீழ்க்குழாய் வழியாக மீளும். மேற்குழாயின் தொடக்கத்தில் நின்று காவல் செய்வதே தேர்மோஸ்ரற் எனப்படும் வெப்பநிலைநிறுத்தியாகும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இதன் வாயில் மூடியிருக்கும். குறித்த சூடு வந்ததும் திறக்கும். இவ்வகை எஞ்சின்களுக்கு 74, 82, 88 பாகை செல்சியசில் திறப்பன கிடைக்கின்றன. 88 பாகை குளிர்நாடுகளுக்குரியது. நமது வெப்ப நாட்டுக்கு முன்னைய இரண்டுமே ஏற்றவை.

இக்கருவி இருவகைப்படும். பழையது, விரைவில் ஆவியாகும் திரவத்தை உள்ளடக்கிய துருத்தி போன்றது. அது பழுதுற்றால் வாயில் பெரும்பாலும் திறந்தே நின்றுவிடும். எஞ்சின் குளிருமேயன்றிக் கொதியாது. பிந்தியது மெழுகு விரிவதனால் இயங்குவது. அது பழுதுற்றால் வில்லின் விசையால் வாயில் மூடியே நிற்றல் பெரும்பான்மை. எனவே, இரண்டனுள் எது பொருத்தப்பட்டுள்ளது என்பதை அறிதல் ஆராய்ச்சியின் முதற்படியாகும்.

வண்டி கொதித்தவுடன் தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. வெப்ப நாட்டுக்கு இஃது எதற்கு என்பது அவர் வாதம். ஆயின், போதிய சூடுபெறாத எஞ்சினில் எரிபொருள் நன்கு ஆவியாகாது. எரியாது எஞ்சிய பகுதி சிலிண்டர்ச் சுவரில் வழிந்து, உராய்வைத் தடுக்கும் எண்ணெயை நீர்க்கச் செய்யும். சுவரும் வளையங்களும் விரைவில் தேயும். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோலினும் அரிதாக ஆவியாகும் மண்ணெண்ணெய்க்கு எஞ்சினின் சூடு இன்னும் இன்றியமையாதது. கொதிப்பு ஒருநாளில் அழிப்பதைக் குளிர் பல்லாண்டிற் செய்து முடிக்கும்.

இனி, நோயறியும் முறையைக் காண்போம். குளிர்ந்த எஞ்சினை இயக்கி, விசிறியில் அகப்படாதவாறு மேற்குழாயைக் கையால் தொட்டறிக. சிலநேரம் குளிர்ந்திருந்து பின் விரைவாகச் சூடேறின் வாயில் செவ்வனே திறக்கிறது. தொடக்கத்திலிருந்தே சிறிது சிறிதாகச் சூடேறின் வாயில் திறந்தே உள்ளது, அன்றேல் கருவியே இல்லை. எஞ்சின் கொதிக்கவும் மேற்குழாய் குளிர்ந்திருப்பின், நீர்மட்டமும் குறையாதிருப்பின், வாயில் மூடிக்கிடக்கிறது எனலாம். ஐயம் நீங்கக் கருவியைக் கழற்றி, நூலிற் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாதவாறு நீரில் தொங்கவிட்டு, வெப்பமானியுடன் சூடேற்றுக. அதன்மேற் பொறித்த பாகையை ஒட்டித் திறந்தால் அது குற்றமற்றது.

கருவி குற்றமற்றதாயின் ஏனைய காரணங்களை நாடல்வேண்டும். விசிறிப் பட்டி தளர்ந்திருத்தல், தீப்பொறி காலந்தாழ்த்தி எழுதல், றேடியேற்றர் மூடி பழுதுறுதல் என்பன அவற்றுட் சில. சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அமுக்கம் தாங்கும் மூடி, நீரின் கொதிநிலையை ஏறக்குறைய 111 பாகைக்கு உயர்த்துகிறது. மூடி நெகிழின் அப்பயன் இழக்கப்படும். றேடியேற்றர் நீரில் இடைவிடாது குமிழிகள் எழுவதும், எண்ணெய் பால்போல் வெளுப்பதும் எஞ்சின் தலைக் காஸ்கற் சிதைந்தமைக்குச் சான்றுகளாம். சூடான மூடியைத் திறத்தலும், கொதித்த எஞ்சினிற் குளிர்நீர் வார்த்தலும் ஒருபோதும் ஆகா. முன்னது கையைச் சுடும், பின்னது இரும்பைப் பிளக்கும்.

யாழ்ப்பாணத்துக்குச் சிறப்பாக உரிய காரணம் ஒன்றுண்டு. இங்குள்ள கிணற்று நீர் சுண்ணாம்புக் கற்பாறையிலிருந்து ஊறுவது, வன்மையானது. சூடேறும்போது அதிற் கரைந்துள்ள சுண்ணாம்பு, கேத்திலின் அடியிற் படிவதுபோல், றேடியேற்றரின் நுண்குழாய்களிலும் எஞ்சினின் நீர்வழிகளிலும் படிகிறது. சிறுகசிவைத் திருத்தாது நாள்தோறும் கிணற்று நீரை வார்ப்பவர், நாள்தோறும் சிறிது சுண்ணாம்பையும் வார்க்கின்றார். றேடியேற்றரின் ஒரு பகுதி சுட, மறுபகுதி குளிர்ந்திருப்பின் அடைப்புண்டு என்று துணியலாம். மழைநீரையோ வடித்த நீரையோ, துருத்தடுக்கும் திரவத்துடன் கலந்து பயன்படுத்தலே தக்கது.

நோயையும் அதன் முதலையும் அறிந்த பின்னரே மருந்து என்பது மருத்துவர்க்கு மட்டும் உரிய விதியன்று. சிறு கருவி ஒன்றைக் குற்றவாளியாக்கிக் கழற்றி எறிதல் எளிது. அது குற்றமற்றதா என ஒரு பாத்திரம் வெந்நீரிற் சோதித்தல் அதனினும் சிறந்தது. தந்தையார் விட்டுச்சென்ற வண்டியை மைந்தனும் ஓட்டுதல் இத்தகைய பொறுமையினாலேயே கைகூடும்.