அப்பாவும் மகனும் ஒரே அணி

உங்கள் அப்பாவுக்குப் பிடித்த விளையாட்டு எது? டோர்ட்மண்டில் கேட்டால் பலர் "உதைபந்தாட்டம்!" என்று கத்துவீர்கள். சிலர் "கிரிக்கெட்" என்பீர்கள். சரி, இன்னொரு கேள்வி. அப்பாவோடு உண்மையான போட்டி விளையாடி வெல்ல ஏலுமா? உதைபந்தாட்டத்தில் அது கஷ்டம். அப்பா பெரிய ஆள், பலம் கூட. அவர் விட்டுக்கொடுத்தால்தான் நீங்கள் வெல்லலாம். விட்டுக்கொடுக்கிறார் என்பது உங்களுக்கும் தெரிந்துவிடும்!

கோல்ஃபில் அப்படி இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

கோல்ஃப் எப்படி விளையாடுவது?

ஒரு சின்னப் பந்து. அதன் எடை 46 கிராமுக்கும் குறைவு. நீண்ட மட்டையால் அடித்து, தூரத்தில் இருக்கும் ஒரு குழியில் அதை விழுத்த வேண்டும். குழியின் அகலம் 108 மில்லிமீட்டர்தான். பெரிய மைதானத்தில் 18 குழிகள் இருக்கும். எல்லாவற்றையும் முடிக்க நாலு மணித்தியாலம் அளவில் எடுக்கும். மிகக் குறைவான அடிகளில் முடிப்பவரே வெற்றியாளர்.

பந்தை அடிக்கும் நேரம் கொஞ்சம், நடக்கும் நேரம் கூட. அப்ப என்ன செய்யிறது? கதைக்கலாம்! பள்ளிக்கூடக் கதை, ஊர்க் கதை எல்லாம் வரும். கோல்ஃப் பிடித்த அப்பாக்கள் பிள்ளைகளையும் கூட்டிப் போக விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டோர்ட்மண்டிலும் கோல்ஃப் மைதானங்கள் இருக்கின்றன. பிராக்கெல் பகுதியில், பொருசியா அணி பயிற்சி செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் ஒன்று உண்டு. முன்பு இங்கே இருந்த பிரித்தானியப் படையினர் தொடங்கிய கழகம் அது. அதற்குப் புனித பார்பராவின் பெயரை வைத்தார்கள். பீரங்கிப் படையினருக்கு அவர் காவல் புனிதர். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்கும் அவர்தான். சுரங்கங்கள் நிறைந்திருந்த டோர்ட்மண்டுக்குப் பொருத்தமான பெயர், இல்லையா?

சின்னவரும் வெல்லலாம்

கோல்ஃபில் 'ஹாண்டிகேப்' என்று ஓர் எண் உண்டு. புதிதாக விளையாடுபவருக்கு அது பெரிய எண். 54 வரை இருக்கலாம். நன்றாக விளையாடுபவருக்குச் சின்ன எண். விளையாட்டு முடிந்ததும் அடித்த அடிகளில் இருந்து அந்த எண்ணைக் கழிக்க வேண்டும்.

ஒரு கணக்குச் செய்வோம்:

அப்பா: 86 அடி − 12 = 74
மகன்: 108 அடி − 36 = 72

யார் வென்றது? மகன்! அப்பா விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு பேரும் முழு மனதோடுதான் விளையாடினார்கள்.

லாங்கர் குடும்பம்

பெர்ன்ஹார்ட் லாங்கர் ஜேர்மனியின் புகழ்பெற்ற கோல்ஃப் வீரர். 1957இல் அவுக்ஸ்பூர்க் நகருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார். அவருடைய அப்பா வீடு கட்டும் மேசன். வீட்டில் வசதி குறைவு. பெர்ன்ஹார்ட் சின்ன வயதிலேயே கோல்ஃப் மைதானத்துக்குப் போய், மற்றவர்களின் மட்டைப் பையைச் சுமந்து காசு உழைத்தார். அங்கே பார்த்துப் பார்த்து விளையாட்டைப் பழகினார். 1985இலும் 1993இலும் அமெரிக்காவின் 'மாஸ்டர்ஸ்' போட்டியில் வென்றார்.

பிறகு அவர் தன் பிள்ளைகளுக்குக் கோல்ஃப் பழக்கினார். அமெரிக்காவில் ஒவ்வொரு வருடமும் ஒரு குடும்பப் போட்டி நடக்கும். பெரிய வீரர்கள் தங்கள் பிள்ளையோடு சோடி சேர்ந்து விளையாடுவார்கள். 2014இல் பெர்ன்ஹார்ட்டும் மகன் ஜேசனும் அதில் வென்றார்கள். அப்போது ஜேசனுக்கு 14 வயது.

அந்தப் போட்டியில் இரண்டு பேரும் பந்தை அடிப்பார்கள். எந்தப் பந்து நல்ல இடத்தில் விழுந்ததோ, அடுத்த அடியை இருவரும் அங்கே இருந்துதான் அடிக்க வேண்டும். மகனின் அடி நல்ல அடி என்றால், உலகப் புகழ் பெற்ற அப்பாவும் தன் பந்தை விட்டுவிட்டு மகனின் பந்து கிடக்கும் இடத்துக்கு நடந்து போவார்!

2024 டிசம்பரில் இந்த இருவரும், டைகர் வூட்ஸ், அவருடைய 15 வயது மகன் சார்லி என்ற அணியோடு மோதினார்கள். அன்று சார்லி ஒரு குழியை ஒரே அடியில் முடித்தார். 36 குழிகளுக்குப் பிறகும் இரண்டு அணிகளும் சமன். கூடுதலாக ஒரு குழி விளையாடினார்கள். 67 வயது பெர்ன்ஹார்ட் பந்தை உருட்டிக் குழிக்குள் விழுத்தினார். லாங்கர் அணிக்கு வெற்றி!

யார் எண்ணுவது?

கோல்ஃபில் பெரும்பாலும் நடுவர் கூட வரமாட்டார். உங்கள் அடிகளை நீங்கள்தான் எண்ண வேண்டும். பந்தை அடிக்க மட்டையை வீசினீர்கள், ஆனால் படவில்லை. அதுவும் ஓர் அடிதான். மரத்துக்குப் பின்னால் இருந்ததால் அப்பா அதைப் பார்க்கவில்லை. அப்பவும் எண்ண வேண்டும். அப்பாவுக்கும் இதே சட்டம்தான். அவர் சொல்லும் எண்ணை நீங்கள் நம்புகிறீர்கள். நீங்கள் சொல்லும் எண்ணை அவர் நம்புகிறார்.

புதிய சொற்கள்

மட்டை – பந்தை அடிக்கும் தடி
சோடி – இருவர் சேர்ந்த அணி
சமன் – இரண்டு பக்கமும் ஒரே அளவு
நடுவர் – விளையாட்டில் தீர்ப்புச் சொல்பவர்

சொல்லுங்கோ பாப்பம்

1. அப்பா 90 அடி, ஹாண்டிகேப் 15. மகள் 120 அடி, ஹாண்டிகேப் 47. யார் வென்றது?
2. பெர்ன்ஹார்ட் லாங்கர் கோல்ஃப் பழகியது எப்படி?
3. யாரும் பார்க்காத அடியை ஏன் எண்ண வேண்டும்?
4. சின்ன வயதில் என்ன விளையாடினார் என்று உங்கள் அப்பாவிடமோ அம்மாவிடமோ கேளுங்கள். ஐந்து வசனம் எழுதுங்கள். முடிந்தால் அந்த விளையாட்டைச் சேர்ந்து விளையாடுங்கள்.