அந்தியில் தடுமாறும் குழந்தை

விளக்கேற்றும் வேளையில் உங்கள் குழந்தை வாசற்படியில் இடறுகிறதா? தட்டிலுள்ள சோற்றைக் கையால் துழாவுகிறதா? அதனைக் குறும்பென எண்ணிவிட வேண்டாம். மாலைக்கண் என நாம் அறிந்த இந்நோய், உடலில் வைட்டமின் ஏ குறைந்ததைக் காட்டும் முதல் அறிகுறிகளுள் ஒன்று.

மங்கிய ஒளியில் பார்ப்பதற்கு விழித்திரையில் ரோடாப்சின் என்னும் நிறமி தேவை. வைட்டமின் ஏ இன்றி அது உருவாகாது. கல்லீரலிலுள்ள இருப்பு கரையும் வரை குறைபாடு வெளியில் தெரிவதில்லை. தெரிந்த பின்னும் கவனியாதிருந்தால் கண் வறளும். வெள்ளைவிழியில் நுரை படிந்தாற்போல் பிட்டாட் புள்ளிகள் தோன்றும். இறுதியில் கருவிழி மென்மையாகிப் புண்படும். மாலைக்கண் உரிய சிகிச்சையால் சில நாட்களில் நீங்கும். கருவிழியில் விழுந்த தழும்போ தானே மறைவதில்லை.

பாதிப்பு கண்ணோடு நிற்பதன்று. மூச்சுப்பாதை, குடல் ஆகியவற்றின் உட்படலமும் நலிவதால் கிருமிகள் எளிதில் புகுகின்றன; தட்டம்மையும் வயிற்றுப்போக்கும் கடுமையாகின்றன. நம் அண்டை மாவட்டமான திருச்சிராப்பள்ளியில், பள்ளி செல்லும் வயதை எட்டாத 15,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் ஓராண்டு ஆய்வு நடத்தினர். வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு, பெறாதவர்களைவிட 54 விழுக்காடு குறைவாக இருந்தது. 1990-இல் வெளியான அம்முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது. அவ்வாராந்திர அளவு உணவின் வழியே பெறக்கூடியதே என்பது நாம் கருதத்தக்கது.

கொல்லையில் நிற்கும் முருங்கையின் கீரை, மஞ்சள் பூசணி, பப்பாளி, மாம்பழம், கேரட், பால், முட்டை, ஆட்டு ஈரல் ஆகியவை இச்சத்தைத் தருவன. இது கொழுப்பில் கரையும் சத்தாதலால், கீரையைச் சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைத்தல் நன்று. ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு, தாய்ப்பாலுடன் இவற்றுள் ஏற்றவற்றை நன்கு வேகவைத்து மசித்து ஊட்டலாம்.

அரசுத் திட்டத்தின்படி ஒன்பதாம் மாதத்தில் 1 லட்சம் அலகும், அதன்பின் ஐந்து வயது வரை ஆறு மாதத்திற்கு ஒருமுறை 2 லட்சம் அலகும் சொட்டு மருந்தாக வழங்கப்படுகின்றன. தவறிய தவணை குறித்துக் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். மருந்தை நீங்களாகவே வாங்கிக் கொடுக்க வேண்டாம்; மிகையான அளவு கல்லீரலைக் கெடுக்கும். கருவுற்ற பெண்கள் மருத்துவர் கூறாமல் இம்மாத்திரையை உட்கொண்டால் கருவிலுள்ள சிசுவுக்கு ஊறு நேரலாம்.

அந்தியில் பிள்ளை தடுமாறினால் மறுநாளே அழைத்து வாருங்கள். அந்நிலையில் அக்கண்களை முழுமையாகக் காக்க நம்மால் இயலும்.