உறிஞ்சினால் அணையாத சுடர்

ஒரு மெழுகுவத்தியை ஏற்றி ஒரு முழம் தள்ளி வைத்து ஊதுங்கள். அணைந்துவிடும். மறுபடி ஏற்றி, அதே இடத்தில் நின்று காற்றை உள்ளே இழுத்துப் பாருங்கள். மூச்சு முட்ட இழுத்தாலும் சுடர் அசையாது. ஊதும் காற்று ஒரே திசையில் பாய்கிறது. இழுக்கும் காற்று சுற்றியுள்ள எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து சேர்கிறது. ஒரு குழாயிலிருந்து ஊதும் காற்று, அந்தக் குழாய் வாயின் விட்டத்தைப்போல் 30 மடங்கு தூரம் போன பிறகும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வேகத்தை வைத்திருக்கும். உறிஞ்சும் காற்றோ ஒரு விட்டம் தள்ளியே அந்த நிலைக்கு இறங்கிவிடும்.

வீட்டில் சின்ன மரப்பட்டறை போடுகிறவர்கள் தூசி உறிஞ்சும் மெஷின் வாங்கப் போனால், முதலில் கேட்பது மோட்டார் எத்தனை எச்.பி. என்றுதான். ரம்பத்திலிருந்து ஓரடி தள்ளிக் குழாயை வைத்தால் பெரிய மோட்டாரும் அந்த மெழுகுவத்திக்கு முன்னால் நின்ற கதைதான். தூள் பிறக்கிற இடத்தைச் சுற்றி மூடி போட்டு அங்கேயே பிடிக்க வேண்டும். திட்டம் அந்த மூடியில் தொடங்கி, குழாய் வழியாக, கடைசியில் மோட்டாருக்கு வர வேண்டும்.

இழைப்புளியிலிருந்து விழும் சுருளும் அறுப்புத் தூளும் பெரிய தொந்தரவில்லை, விளக்குமாறு போதும். தொந்தரவு கண்ணுக்குத் தெரியாததில் இருக்கிறது. 10 மைக்ரான் பருமனுள்ள துகள், அசையாத காற்றில் ஆறடி உயரத்திலிருந்து தரைக்கு வரப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். 1 மைக்ரான் துகளுக்கு அரை நாளுக்கு மேல் ஆகும். பருமன் பத்தில் ஒன்றானால் விழும் வேகம் நூறில் ஒன்றாகிவிடுகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு, பட்டறையைக் கூட்டி, குளித்துச் சாப்பிட்டு, திரும்ப உள்ளே போனாலும் அது அங்கேயே மிதந்துகொண்டிருக்கும். மூக்கு வடிகட்ட முடியாத அளவு அது.

மூக்கும் தப்புவதில்லை. இங்கிலாந்தின் ஹை விக்கம் நாற்காலிகளுக்குப் பேர்போன ஊர். அங்கே காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த எஸ்மி ஹாட்ஃபீல்ட், அரிதான ஒருவகை மூக்குப் புற்றுநோய் மரச்சாமான் தொழிலாளர்களிடம் அடிக்கடி வருவதைக் கவனித்தார். அவரும் சக ஆய்வாளர்களும் 1968இல் அதை விரிவாக வெளியிட்டார்கள். 1995இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. அந்த ஆசாரிகள் ஆயுள் முழுக்க அதில் நின்றவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஸ்டூல் செய்கிறவர் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் அதே தூசிதான்.

குழாய்க்கு வருவோம். சீவல் வழியில் படியாமல் போக, காற்று வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். நெடுஞ்சாலைப் பேருந்தின் வேகம். நாலு அங்குலக் குழாயில் அந்த வேகத்துக்கு நிமிடத்துக்குப் பத்து கன மீட்டர் காற்று போதும். ஆறு அங்குலத்துக்கு 22 கன மீட்டர் வேண்டும். சின்ன மோட்டாருக்குப் பெரிய குழாய் போட்டால் வேகம் குறைந்து, சீவல் குழாயிலேயே படுத்துக்கொள்ளும். வளைவுகளும் காற்றைத் தின்னும். ஒரு செங்கோண எல்போவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி வளைவுகள் நல்லது. மடிப்பு மடிப்பான நெளிகுழாயை முடிந்தவரை குறையுங்கள்.

வாக்யூம் கிளீனர் போதாதா? அது பலமாக இழுக்கும், ஆனால் கொஞ்சக் காற்றைத்தான் இழுக்கும். கையில் பிடிக்கும் சேண்டரின் சின்ன ஓட்டைகளுக்கு அதுதான் சரி. மேஜை ரம்பத்துக்கும் இழைப்பு மெஷினுக்கும் காற்று நிறைய வேண்டும். அங்கே விசிறி வைத்த பெரிய உறிஞ்சிதான் வேலை செய்யும்.

உறிஞ்சியதை என்ன செய்வது? நடுவில் ஒரு கூம்பு வைத்தால் காற்று அதற்குள் சுழலும். கனமானது சுவரை உரசிக் கீழே வாளியில் விழும். மரம் அறுக்கும் ஆலையில் இப்படியொரு கூம்பைப் பார்த்துத்தான் ஜேம்ஸ் டைசன் பையில்லாத வாக்யூம் கிளீனரை யோசித்தார்; சரியாக வர 5,127 மாதிரிகள் ஆயின. கூம்புக்கும் தப்பும் நுண்தூசியை வடிகட்டி பிடிக்க வேண்டும். இங்கேதான் ஏமாற்று. 30 மைக்ரான் துணிப்பை சீவலைப் பிடித்துக்கொண்டு, ஆபத்தான தூசியை மட்டும் அறை முழுக்கத் தெளிக்கும். பை இல்லாமலிருந்தால் மேலென்று தோன்றும்.

குளிர்நாடுகளில் சூடாக்கிய காற்றை வெளியே விட மனம் வராது. அதனால் விலை கூடிய வடிகட்டி போட்டு உள்ளேயே சுற்றவிடுகிறார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. கூம்பைத் தாண்டிய காற்றைச் சுவரில் ஓட்டை போட்டு வெளியே அனுப்பிவிடலாம். பக்கத்து வீட்டு மாடியில் வடகம் காய்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே போகிற அளவு காற்று உள்ளே வர ஒரு ஜன்னலும் திறந்திருக்க வேண்டும்.

எல்லாம் மாட்டியதும், முதல் பலகையை அறுப்பதற்கு முன்பே, தூள் எதுவும் இல்லாதபோது, ரம்பத்தை நிறுத்திவைத்து உறிஞ்சியை மட்டும் ஓடவிட்டு, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ரம்பத்தின் பல் ஓடும் இடத்தருகே பிடியுங்கள். நெருப்பை மூடிக்குள் கொண்டுபோகாமல் புகையை மட்டும் பாருங்கள். அது நேராக உங்கள் முகத்துக்கு வந்தால், மோட்டாரைத் தொடாமல் மூடியை இன்னும் இரண்டு அங்குலம் கிட்டே நகர்த்துங்கள்.