மில் வாங்கிய காற்று

பல்லடத்திலிருந்து உடுமலைப் பக்கம் போனால் வழியெங்கும் காற்றாலைகள். பலவற்றின் சொந்தக்காரர்கள் கோவை, திருப்பூர் நூற்பாலைகள்தான். நூல் நூற்பவர்களுக்குக் காற்றில் என்ன வேலை?

பாதிக் காரணம் மலை, பாதி வரிக்கணக்கு. பாலக்காட்டுக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கியடித்துக்கொண்டு நுழைகிறது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்கு. ஆனால் காற்று எந்தக் காலத்திலும் அடித்ததுதான். 1990-களில் புதிதாக வந்தது, காற்றாலையின் முழு விலையையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளும் சலுகை. லாபத்தில் ஓடிய மில்லுக்கு, வரியாகப் போயிருக்கும் பணம் காட்டில் கோபுரமாக நின்றது.

இதில் ஒரு கோளாறு: சலுகை கிடைத்தது நிறுவியதற்கு, சுழன்றதற்கு அல்ல. 2017 முதல் அந்த முதலாண்டுத் தேய்மானம் 40 சதவீதம்தான்.

சுழன்றால் பலன் உண்டு: நிலக்கரி மின்சாரம் ஒரு யூனிட்டுக்குச் சுமார் ஒரு கிலோ கரியமில வாயு வெளிவிடுகிறது; காற்றாலை அதைத் தவிர்க்கிறது. காற்றாலை தரும் மலிவு மின்சாரத்தில் மில் கூடுதல் நூற்புக் கதிர்களை ஓட்டினால் அந்த மிச்சத்தில் கொஞ்சம் கரையும். இடத்திலும் ஒரு சிக்கல்: இன்றைய காற்றாலைகள் 2 மெகாவாட்டைத் தாண்டிவிட்டன. நல்ல காற்றடிக்கும் இடங்களிலோ பழைய 250 கிலோவாட் குட்டிகள் இன்னும் உட்கார்ந்திருக்கின்றன.